காட்டுத்தடமும் ஆற்றங்கரையும்: கிராவல் சைக்கிள் பாதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுக்குள்ளும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் போகும் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானவர்கள் முதலில் கிலோமீட்டரைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது தண்ணீரை. அது எங்கே ஓடும், எங்கே தேங்கும், மழை விட்ட பிறகு எங்கே இரண்டு நாள் கிடக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கென்று தனியாக கிராவல் சைக்கிள் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார், அதைவிட அகலமான டயர், டிஸ்க் பிரேக், ஏற்றத்துக்கு ஏற்ற இலகுவான கியர், இவ்வளவுதான் கிராவல் சைக்கிள். ஒரு பழைய மவுன்டன் பைக் இருந்தால் அதிலேயே ஆரம்பியுங்கள். தார்ச்சாலையில் கொஞ்சம் மெதுவாகப் போகும், மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பந்தய சைக்கிளில் 28 மில்லிமீட்டருக்கு மேல் டயர் நுழையாது என்றால் மட்டும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அதோடு ஜல்லியில் இறங்கினால் உங்கள் கை மணிக்கட்டுதான் ஷாக் அப்சார்பர்.

ஆற்றை ஒட்டிப் போகும் பாதை சமதளமாகத்தானே இருக்கும்?

இந்த ஒரு நம்பிக்கையால் நான் வாங்கிய அடி கொஞ்சம் இல்லை. ஆறு மெல்லத்தான் இறங்குகிறது, பாதை அப்படி இல்லை. ஆற்றுக்குப் பக்கவாட்டிலிருந்து ஓடைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றும் மலைச்சரிவை அறுத்துக்கொண்டு வரும். சரிவின் நடு உயரத்தில் போகும் காட்டுப் பாதை அந்த ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி, ஒரு சின்னப் பாலத்தையோ குழாயையோ தாண்டி, மறுபடி ஏற வேண்டும். முதன்முதலில் அப்படி ஒரு பள்ளத்தாக்கில் 60 கிலோமீட்டர் போனபோது, "ஆற்றோரம்தானே, மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்" என்று தண்ணீர் பாட்டில் ஒன்றை மட்டும் சொருகிக்கொண்டு கிளம்பினேன். ஓடைகளை எண்ண ஆரம்பித்து, பதினொன்றோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொன்றும் இருபது முப்பது மீட்டர் இறக்கம், உடனே அதே அளவு ஏற்றம், அதுவும் இறங்கிய வேகம் முழுவதும் கீழே இருக்கும் கூர்மையான திருப்பத்தில் வீணாகிவிடும், ஏற்றத்தை நின்ற நிலையிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். பதினொன்றை முப்பதால் பெருக்கிப் பாருங்கள், "தட்டையான" பாதையில் 330 மீட்டர் ஏறியிருப்பேன்.

ஆகவே வரைபடத்தில் ஆற்றின் நீலக் கோட்டைப் பார்க்காமல், அதில் வந்து சேரும் மெல்லிய நீலக் கோடுகளை எண்ணுங்கள். சம உயரக் கோடுகள் ஓடைக்கு ஓடை மலைப்பக்கமாக வளைந்து உள்ளே போகின்றன என்றால், பாதையும் ஒன்று அந்த வளைவோடு சுற்றிப் போகும், இல்லை நேராக இறங்கி ஏறும். சுற்றிப் போவதுதான் நல்லது. தூரம் கூடும், கால் தப்பிக்கும்.

இன்னொன்று, ஆறு வளையும் இடங்கள். வளைவின் வெளிக்கரையில் நீரோட்டம் வேகமாக மோதி அடிமண்ணை அரிக்கும், உட்கரையில் மணலும் கூழாங்கல்லும் படியும். வெளிக்கரையை ஒட்டிய பாதை ஒரு வருடம் இருக்கும், அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு பாதி ஆற்றில் கிடக்கும். மூன்று வருடத்துக்கு முன் யாரோ பதிவு செய்த ஜிபிஎஸ் தடத்தை வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் இந்த வளைவுகளில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

சரி, நிஜமாகவே தட்டையான பாதை எங்கே கிடைக்கும்?

பழைய ரயில் தடங்களிலும் கால்வாய்க் கரைகளிலும். நீராவி எஞ்சின்களால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் ரயில் தடம் போட்டவர்கள் பெரும்பாலும் 2 சதவீதச் சரிவுக்குள்ளேயே இருக்கப் பார்த்தார்கள், அதற்காகக் குன்றைக் குடைந்தார்கள், பள்ளத்தில் பாலம் கட்டினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு ஜல்லித்தூள் போட்டால் அருமையான சைக்கிள் பாதை. கால்வாய்க் கரை இன்னும் தட்டை. படகைக் குதிரையோ கோவேறு கழுதையோ கயிறு கட்டி இழுத்துப் போக அமைத்த பாதை அது, நீர்மட்டத்தோடு சேர்ந்தே போகும், லாக் எனப்படும் நீர்க்கதவுத் தொட்டி இருக்கும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு மேடு.

இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்ச்சியாக இருக்கும் இடம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லேண்ட் வரை கிரேட் அலெகனி பாசேஜ், சுமார் 240 கிலோமீட்டர், பழைய ரயில் தடம். கம்பர்லேண்டிலிருந்து வாஷிங்டன் வரை சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹாயோ) கால்வாய்க் கரை, 184.5 மைல், அதாவது ஏறக்குறைய 297 கிலோமீட்டர். இந்தக் கால்வாயில் 74 லாக்குகள், மொத்த உயர வித்தியாசம் 605 அடி, அதாவது சுமார் 184 மீட்டர்தான். ஒரு லாக்குக்கு இரண்டரை மீட்டர்! கிட்டத்தட்ட முழுக்க மரநிழல், பக்கத்திலேயே ஆறு. ரயில் தடம் 729 மீட்டர் உயரத்தில் ஒரு நீர்ப்பிரி முகட்டைத் தாண்டுகிறது, ஆனால் சரிவு அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் ஏறுகிறோம் என்பதே மெதுவாகத்தான் உறைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது தரைதான். ரயில் தடத்தில் சுண்ணாம்புக்கல் தூளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள், மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும். கால்வாய்க் கரையில் மண்ணும் களியும் கலந்த இடங்கள் ஏராளம், மழை பெய்தால் சேறுதான். இரண்டுமே தட்டை, ஆனால் மழை நாளில் ஒன்றில் நீங்கள் ஓட்டுவீர்கள், மற்றதில் தள்ளுவீர்கள்.

மழை பெய்த பிறகு எத்தனை நாள் கழித்துப் போகலாம்?

மண்ணைப் பொறுத்தது. மணல் கலந்த காட்டுத் தரை ஒரே நாளில் காய்ந்துவிடும், சொல்லப்போனால் லேசாக ஈரம் இருந்தால்தான் மணல் இறுகி ஓட்ட நன்றாக இருக்கும். லாரி போவதற்காக உடைத்த ஜல்லி போட்ட வனச்சாலையில் மழை நிற்கும்போதே கூடப் போகலாம். ஆற்றின் வெள்ளம் ஏறி இறங்கும் தாழ்ந்த தரைதான் சிக்கல். அங்கே படிவது வண்டலும் களியும், வெயில் படாத மரநிழலும் சேர்ந்துவிட்டால் நான்கைந்து நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை.

களிமண் சேறு எப்படிப்பட்டது என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் பத்து மீட்டரில் டயர் ஒரு சுற்றுப் பெருக்கும். அடுத்த இருபதில் அந்த மண் ஃபோர்க்குக்கும் (சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவைக்கும்) டயருக்கும் இடையே அடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் சக்கரம் சுற்றாது, சைக்கிளைத் தூக்கலாம் என்றால் அது இரண்டு மடங்கு கனம். அமெரிக்காவின் கான்சாஸில் 2006 முதல் நடக்கும், இப்போது அன்பவுண்ட் என்று அழைக்கப்படும் பந்தயத்தில், 2023-ல் ஆரம்பத்திலேயே இப்படி ஒரு சேற்றுப் பகுதி வந்து, தொழில்முறை வீரர்களே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரப் புல்லில் நடந்தார்கள். நமக்கெல்லாம் வெட்கமே வேண்டியதில்லை. சேறு ஒட்ட ஆரம்பித்ததும் இறங்கிவிடுங்கள், பலவந்தமாக மிதித்தால் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் முறியும்.

வரைபடத்தைப் பார்த்தே பாதை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் வண்டித்தடங்களுக்கு கிரேடு 1 முதல் கிரேடு 5 வரை தரம் குறித்திருப்பார்கள். 1 என்றால் தார் போட்டது அல்லது நன்கு இறுக்கியது, 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். பெரும்பாலான பாதை போடும் ஆப்களுக்கு அடியில் இருப்பது இந்தத் தகவல்தான். 2-ம் 3-ம் தான் கிராவல் சைக்கிளுக்குச் சொர்க்கம். 4 காய்ந்த காலத்தில் சரி. 5-ஐ நான் திட்டத்தில் சேர்ப்பதில்லை, அதிலும் ஆற்றோரத்தில் 5 என்று பார்த்தால் அங்கே ஒரு சதுப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வேன். இந்தத் தரங்களைப் போடுபவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள், ஒருவர் கோடையில் போய் 2 என்று குறித்திருப்பார், மழைக்காலத்தில் அது அப்படி இருக்காது.

செயற்கைக்கோள் படத்தையும் பாருங்கள். வெளிர் நிறத்தில் பளிச்சென்று தெரியும் கோடு ஜல்லி. நடுவில் பச்சைக் கோடும் இருபுறம் இரண்டு வெளிறிய கோடுகளும் தெரிந்தால் சக்கரத் தடம், வண்டிகள் இன்னும் போய்வருகின்றன. அடர்ந்த காட்டுக்குள் பாதையே தெரியாது, அப்போது மற்றவர்கள் ஓட்டிய தடங்களைச் சூடாகக் காட்டும் ஹீட்மேப்தான் கதி.

ஆப் காட்டும் மொத்த ஏற்றத்தை நம்பலாமா?

குறுகிய பள்ளத்தாக்கில் நம்பாதீர்கள். ஆப் உயரத்தை எடுப்பது நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்த உயர மாதிரியிலிருந்து. செங்குத்துச் சரிவின் இடுப்பில் பாதை போகும்போது ஒரு புள்ளி மேலே பாறையிலும் அடுத்த புள்ளி கீழே ஆற்றிலும் விழும், ஆப் காட்டும் ஏற்ற இறக்கக் கோடு ரம்பப் பல் மாதிரி வரும், இல்லாத ஏற்றமெல்லாம் கணக்கில் ஏறிவிடும். சுரங்கப் பாதையில் இன்னும் வேடிக்கை: நீங்கள் குன்றுக்கு உள்ளே போகிறீர்கள், ஆப் உங்களைக் குன்றின் உச்சிக்கு ஏற்றி இறக்கும். ரம்பப் பல்லைப் பார்த்தால் நீங்களே சம உயரக் கோடுகளை எண்ணிக்கொள்வது மேல்.

டயர் எவ்வளவு அகலம், காற்று எவ்வளவு?

ஜல்லித்தூளும் இறுகிய மண்ணும் என்றால் 38 முதல் 40 மில்லிமீட்டர். வேர், கூழாங்கல், உடைந்த ஜல்லி என்று காடே பிரதானம் என்றால் 45 அல்லது அதற்கு மேல், உங்கள் ஃப்ரேமில் நுழைகிற வரைக்கும். அகலமான டயர் வேகத்தைக் குறைக்கும் என்று பயப்படுகிறவர்கள் ஒருமுறை மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள், கரடுமுரடான தரையில் நேர்மாறாகத்தான் இருக்கும். சைக்கிள் துள்ளித் துள்ளி எழும்பும்போதெல்லாம் உங்கள் மிதிப்புதான் வீணாகிறது.

காற்றை நிறைய அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுமார் 70 கிலோ எடை உள்ளவர், 40 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 28 முதல் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 31 முதல் 33 என்று ஆரம்பிக்கலாம். ட்யூப் போட்டிருந்தால் நாலைந்து கூட்டுங்கள், இல்லையென்றால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்புக்கடி மாதிரி இரட்டை ஓட்டை விழும். மூட்டை முடிச்சு இருந்தாலும் கூட்ட வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, ஒரு வேரின் மேல் மெதுவாக ஏறிப் பாருங்கள்: டயர் வேரை அணைத்துக்கொண்டு தாண்டினால் சரி, டங்கென்று ரிம் சத்தம் கேட்டால் குறைவு, சைக்கிள் துள்ளினால் அதிகம்.

ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், சில மாதங்களில் காய்ந்துவிடும். நான் ஒருமுறை ஆறு மாதமாகப் பார்க்காமல் விட்டு, நடுக்காட்டில் டயரைக் கழற்றினால் உள்ளே பால் ஆடை மாதிரி ஒரு ரப்பர்த் தோல் மட்டும் இருந்தது. எப்படியும் ஒரு ட்யூபைக் கையில் வைத்திருங்கள்.

காட்டுக்குள் வழுக்கி விழுந்துகொண்டே இருக்கிறேன், என்ன செய்வது?

ஈர வேர். வேறென்ன? பாதைக்குக் குறுக்காகக் கிடக்கும் வேரை நேராக, அதாவது செங்கோணத்தில் கடந்தால் ஒன்றும் ஆகாது. சாய்வாகக் கடந்தால் முன் சக்கரம் வேரோடு வழுக்கிக்கொண்டே போய்விடும், நீங்கள் உணர்வதற்குள் தரையில் இருப்பீர்கள். வேரின் மேல் இருக்கும்போது பிரேக்கையும் தொடாதீர்கள், திருப்பவும் திருப்பாதீர்கள். மரப் பலகைப் பாலங்களுக்கும் இதே விதிதான், நிழலில் பாசி படிந்த பலகை வேரைவிட மோசம்.

உதிர்ந்த இலை இன்னொரு வகைத் தொல்லை, ஏனென்றால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இலைக் குவியல் வழக்கமாகப் பள்ளத்தில்தான் சேரும், அதனால் குவியலைக் கண்டால் அங்கே ஒரு குழி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஜல்லிச் சாலையில் வண்டிச் சக்கரங்கள் அழுத்திய இரண்டு கோடுகள் இறுகியிருக்கும், நடுவிலும் ஓரத்திலும் கல் தளர்வாகக் குவிந்திருக்கும். கோட்டிலேயே இருங்கள். ஒரு கோட்டிலிருந்து மற்றதுக்கு மாற வேண்டுமென்றால் நேரான இடத்தில் மாறுங்கள், வளைவில் வேண்டாம். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள்.

ஏற்றத்தில் பின் சக்கரம் சறுக்குகிறது.

எழுந்து நின்று மிதிக்கிறீர்கள். உட்காருங்கள், சீட்டின் முன் நுனிக்கு நகருங்கள், நெஞ்சைத் தாழ்த்துங்கள். கியரில் மிகச் சிறியது 1:1 விகிதத்துக்கு அருகிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும், உதாரணமாக முன்னால் 40 பல், பின்னால் 44.

பாதை ஓடைக்குள் இறங்குகிறது, ஓட்டிக்கொண்டே கடக்கலாமா?

அடி தெரிகிறதா, மறுகரையில் பாதை தெரிகிறதா, தண்ணீர் கணுக்கால் அளவுதானா? மூன்றுக்கும் ஆம் என்றால், இலகுவான கியருக்கு முன்பே மாறிவிட்டு, மிதிப்பதை நிறுத்தாமல் போங்கள். இல்லையென்றால் இறங்கி நடங்கள். ஓடும் தண்ணீரைக் குறைவாக எடைபோடுவது உயிருக்கு ஆபத்து: வேகமாகப் பாயும் 15 சென்டிமீட்டர் நீரே ஒரு ஆளைச் சாய்த்துவிடும். நீர் கலங்கி ஓடுகிறது, குச்சியும் இலையும் மிதந்து வருகின்றன என்றால் மேலே எங்கோ மழை, மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. திரும்பிவிடுங்கள். நடந்து கடக்கும்போது சைக்கிள் உங்களுக்குக் கீழ்நோக்கிய பக்கம், அதாவது நீர் போகும் திசையில் இருக்கட்டும். மேல்பக்கம் வைத்தால் நீர் அதை உங்கள் முழங்காலில் கொண்டுவந்து மோதும்.

கடந்த பிறகு பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து ஈரத்தைப் போக்குங்கள். இல்லையென்றால் அடுத்த இறக்கத்தில் முதல் பிடி பிடிக்கவே பிடிக்காது, சொல்லிவிட்டேன்.

எந்தத் திசையில் சுற்றுவது? முதலில் காடா, ஆறா?

என் வழக்கம் காலையில் காட்டு ஏற்றம், பிற்பகலில் ஆற்றோரம். இரவில் குளிர்ந்த காற்று கனம் கூடி இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும், விடிகாலையில் அங்கே பனிமூட்டமும் குளிரும் இருக்கும், கொஞ்சம் மேலே சரிவில் வெதுவெதுப்பாக இருக்கும். காலும் புதிதாக இருக்கும்போதே ஏற்றத்தை முடித்துவிடலாம்.

ஆனால் ஆழமான மலைப் பள்ளத்தாக்கு என்றால் இந்தத் திட்டம் உங்களைக் கடித்துவிடும். வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகி, பிற்பகலில் பள்ளத்தாக்கின் வாயிலிருந்து மேல்நோக்கிக் காற்று வீசும். ஆற்றோடு கீழே வரும்போது எதிர்காற்று, அதுவும் கடைசி முப்பது கிலோமீட்டரில். அப்படிப்பட்ட இடங்களில் குளிரைப் பொறுத்துக்கொண்டு காலையில் ஆற்றோடு கீழே போய்விட்டு, பிற்பகல் காற்று முதுகில் தள்ள மேலே திரும்புவதுதான் புத்திசாலித்தனம். தாழ்ந்த குன்றுகள் உள்ள இடங்களில் இந்தக் காற்று பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது?

நான் நல்ல ஜல்லிக்கு மணிக்கு 17 கிலோமீட்டர், காட்டுத்தடத்துக்கு 12, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஏழு நிமிடம் என்று போடுவேன். அப்புறம் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுவேன், விழுந்த மரம், பூட்டிய கேட், படம் எடுப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து. பள்ளத்தாக்கில் இருட்டு சீக்கிரம் வரும், சூரியன் முகட்டுக்குப் பின்னால் போன பிறகு மரத்தடியில் வேர் தெரியாது. போன் சிக்னலும் சரிவர இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதை என்று வரைபடத்தில் இருந்தால் ஓட்டலாம்தானே?

அப்படி இல்லை. இது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் நடைபாதை என்று குறித்ததில் சைக்கிள் ஓட்ட உரிமை கிடையாது, குதிரைப்பாதையில் உண்டு, அந்த உரிமை 1968-ல் சட்டமாக வந்தது. பக்கத்தில் ஸ்காட்லாந்தில் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் போகலாம். ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2 மீட்டருக்கும் குறுகலான காட்டுப் பாதையில் சைக்கிள் கூடாது. எனவே போகும் இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டுவதால் பாதை மூடியிருக்கிறது என்று பலகை இருந்தால், ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை என்று உள்ளே போகாதீர்கள், அடுக்கி வைத்த மரக்கட்டைகள் உருண்டு வரும்.

எதிரே குதிரையோ நடப்பவர்களோ வந்தால்?

வேகத்தைக் குறைத்து, குரல் கொடுங்கள். குதிரைக்கு மணியைவிட மனிதக் குரல் நல்லது, அது என்ன என்று அதற்குப் புரியும். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து தாண்டுவதுதான் மகா தப்பு.

ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

மேலே வயலோ ஊரோ இருக்கும் ஆற்றில் குடிக்காதீர்கள். கையடக்க வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், ஆனால் வயலிலிருந்து வரும் பூச்சிமருந்தை அது நீக்காது, சாதாரண வடிகட்டி வைரஸையும் விட்டுவிடும். காட்டுக்குள் மேலேயிருந்து வரும் சிற்றோடையில், வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடிக்கலாம்.

உண்ணி பற்றிப் பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், பார்த்துக்கொண்டால் போதும். புல் உரசும் குறுகிய தடங்களில்தான் ஏறும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெய் தடவுவது, நெருப்பால் சுடுவது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்து படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

வந்ததும் சைக்கிளைக் கழுவ வேண்டுமா?

சேறு காய்வதற்குள் கழுவினால் ஐந்து நிமிட வேலை. வேகமாகப் பீய்ச்சும் குழாயை பேரிங் பக்கம் காட்டாதீர்கள், வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். செயினைத் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் போடுங்கள். களிச்சேற்றில் ஓட்டிய நாளென்றால் பிரேக் பேடையும் ஒரு பார்வை பாருங்கள், புதிதாகப் போட்ட பேட் ஒரே மழை நாளில் உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று கடைசி இறக்கத்தில் கேட்ட கரகர சத்தத்தை, டிஸ்க்கில் கல் ஏதோ மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீடு வரை வந்துவிட்டேன்.